யூஸ்டு மார்க்கெட்டில் எடை குறைந்த வேகக் கார்: வடசென்னையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ் என்றுதான் ஆசை போகும். மாஸ்டா இந்தியாவில் கார் விற்கவே வரவில்லை. வெளிநாட்டில் ஓடிய வண்டியைக் கொண்டுவரலாம் என்றால், மூன்று வருடத்துக்கு மேல் பழசானதை இறக்குமதி செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. இடம் கொடுக்கிற வண்டிக்கும் சுங்க வரி கட்டி முடிக்கும்போது அதே பணத்துக்கு இங்கே புத்தம் புதிதாக நல்ல கார் இரண்டு வாங்கிவிடலாம். அதனால் பத்து லட்சத்துக்குள் கையில் பணம் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு நிஜமான பட்டியல் வேறு: சின்ன ஹேட்ச்பேக் உடம்பில் டர்போ பெட்ரோல் இன்ஜினைப் போட்டு கம்பெனியே விற்ற வண்டிகள். மாருதி பலேனோ ஆர்எஸ், ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அதற்குப் பின் வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ, ஃபியட் அபார்த் புன்டோ, டாடா டியாகோ ஜேடிபி, ஹூண்டாய் ஐ20 என் லைன்.

இவற்றை இன்ஜின் சக்தியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் தவறான வண்டியில் போய் நிற்போம். சக்தியை எடையால் வகுத்துப் பாருங்கள். அபார்த் புன்டோ 145 பிஎஸ் (குதிரைத் திறன்), எடை சுமார் 1,195 கிலோ. டன்னுக்கு 121 பிஎஸ். டியாகோ ஜேடிபி 114 பிஎஸ், சுமார் 1,016 கிலோ, டன்னுக்கு 112. பலேனோ ஆர்எஸ் 102 பிஎஸ், 950 கிலோ, டன்னுக்கு 107. போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 பிஎஸ், 1,100 கிலோ அளவில், டன்னுக்கு 95. டர்போவே இல்லாத 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் 83 பிஎஸ்தான், ஆனால் எடை 860 கிலோ அளவில் இருப்பதால் அதுவும் டன்னுக்கு 96 வருகிறது. போலோ ஜிடிக்கும் சாதாரண ஸ்விஃப்டுக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசமே இல்லை! ரோட்டில் போலோ வேகமாகத் தெரிவதற்குக் காரணம் 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிற 175 என்எம் டார்க் (இழுவைத் திறன்).

எடை குறைந்தால் ஆக்ஸிலரேட்டர் மட்டும் லாபமில்லை. பிரேக் சூடு குறையும், டயர் தேய்மானம் குறையும், சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் கூடுதல் நாள் தாங்கும். கன்டெய்னர் டிரெய்லர்கள் அரைத்துப் போட்ட எண்ணூர் பக்கத்து ரோட்டில் தினமும் போகிற வண்டிக்கு இது மாதாமாதம் பணமாகத் தெரியும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ: கியர்பாக்ஸைப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பாருங்கள்

2013 முதல் 2020 வரை விற்ற 1.2 டிஎஸ்ஐ ஓட்டுவதற்கு இனிமையான வண்டி. சிக்கல் அதன் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். டிக்யூ200 என்கிற இந்த கியர்பாக்ஸில் இரண்டு உலர் கிளட்ச்சுகள் உண்டு. 1, 3, 5, 7 ஒரு கிளட்ச். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொரு கிளட்ச். மூலக்கடை சிக்னலிலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ ஊர்ந்து போகும்போது கியர்பாக்ஸ் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தாவும். கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதிப் பிடியில் உரசிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் முழுகாத கிளட்ச் என்பதால் அந்தச் சூடு போக வழியில்லை. லைனிங் பளபளத்துப்போய், வண்டி கிளம்பும்போது உதறும்.

அதைவிடப் பெரிய செலவு மெகட்ரானிக் யூனிட். கியரையும் கிளட்ச்சையும் இயக்குகிற எண்ணெய் அழுத்தம் இதற்குள்ளேதான் உருவாகிறது. அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யூமுலேட்டர் பகுதியில் விரிசல் விட்டால் எண்ணெய் கசிந்து பம்ப் ஓயாமல் ஓடும். பிறகு ஒருநாள் கியர் எழுத்துகள் மீட்டரில் மின்னி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். யூனிட்டை மாற்றினால் பில் லட்சத்தைத் தாண்டும்.

ஆகவே சோதனையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்ப கால 1.2 இன்ஜினில் டைமிங் செயின் இருக்கிறது. ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் கலகலவென்று சத்தம் வந்தால் செயினோ டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. பிறகு 20 நிமிடம் நெரிசலில் ஓட்டுங்கள். கியர்பாக்ஸ் சூடேறியபின் மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டர் தொடாமல் பிரேக்கை மட்டும் விடுங்கள். உதறல் இல்லாமல் நகர வேண்டும். அதே சரிவில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். ஒன்றாம் கியரில் கிளம்பும்போது உதறல் இல்லை, ரிவர்ஸிலும் இரண்டாம் கியரிலும் மட்டும் உதறுகிறது என்றால் இரட்டைப்படை கிளட்ச் போயிருக்கிறது. கடைசியாக, ஃபோக்ஸ்வேகனுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸ் மாட்யூலைத் தனியாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பி17பிஎஃப் என்ற கோட் பதிவாகி இருந்தால், விற்பவர் எவ்வளவு இறங்கி வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அது மெகட்ரானிக் அழுத்தக் கோளாறின் கோட்.

ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றிச் சக்தி கூட்டிய) ஜிடியும் வேண்டாம். இந்த கியர்பாக்ஸே 250 என்எம் வரைக்கும்தான் வடிவமைக்கப்பட்டது. ரீமேப் அந்த எல்லைக்கு நெருக்கமாகத் தள்ளும். விற்பதற்கு முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது, தேய்ந்த கிளட்ச் மட்டும் தெரியும்.

போலோ மேல்தான் மனம் என்றால் 2020-க்குப் பின் வந்த 1.0 டிஎஸ்ஐ பக்கம் போங்கள். 999 சிசி, 110 பிஎஸ், அதே 175 என்எம். மேனுவல் 6 கியர். ஆட்டோமேட்டிக் என்றால் டிஎஸ்ஜி இல்லாத, டார்க் கன்வர்ட்டர் கொண்ட 6 கியர். நெரிசலில் இரண்டுமே கவலை தராது. 2022-ல் போலோ நின்றுபோனதால் நல்ல மேனுவல் வண்டிக்கு விலை ஏறித்தான் இருக்கிறது. மீட்டரில் ஈபிசி விளக்கு (இன்ஜின் கோளாறைச் சொல்வது) எரிந்த வரலாறு உண்டா, ஃபியூவல் பம்ப் அல்லது இன்ஜெக்டர் மாற்றப்பட்டதா என்று சர்வீஸ் பில்லில் பாருங்கள். மாற்றப்பட்டிருந்தால் அது குறை இல்லை, வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பலேனோ ஆர்எஸ்

2017 மார்ச்சில் வந்து 2020 தொடக்கத்தில் நின்றது. 998 சிசி பூஸ்டர்ஜெட், 150 என்எம், 5 கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். பார்க்கச் சாதாரண பலேனோ போலவே இருப்பதால் மார்க்கெட்டில் இதற்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. வாங்குகிறவருக்கு அது நல்லதுதான். ஆர்.சி.யில் சிசி பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்: 998 என்றால் ஆர்எஸ், 1197 என்றால் பேட்ஜ் ஒட்டிய சாதாரண வண்டி.

ஒரு விஷயத்தைத் தவறவே விடக்கூடாது. பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்பில் குறை இருக்கலாம் என்று 2023-ல் மாருதி 7,213 பலேனோ ஆர்எஸ்களைத் திரும்ப அழைத்தது. 2016 அக்டோபர் கடைசி முதல் 2019 நவம்பர் முதல் தேதி வரை தயாரானவை இதில் வரும். அதாவது கிட்டத்தட்ட எல்லா ஆர்எஸ்ஸும். பம்ப் தளர்ந்தால் பெடல் கல்லு மாதிரி இறுகும், வண்டியை நிறுத்த இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருக்கும். சேசிஸ் நம்பரை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். நீங்களும் பாருங்கள்: இன்ஜின் ஓடும்போது பெடலை நாலைந்து தடவை அடுத்தடுத்து மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இறுகிக்கொண்டே போனால் பம்ப் வேலை செய்யவில்லை.

இந்த இன்ஜின் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. வண்டி நின்றபிறகு சாமான் கிடைக்குமா என்ற பயம் நியாயமாக இருந்தது. 2023-ல் ஃப்ரான்க்ஸில் அதே குடும்பத்து பூஸ்டர்ஜெட் திரும்பி வந்ததும் அந்தப் பயம் பாதி போய்விட்டது. ஃப்ரான்க்ஸில் மைல்ட் ஹைபிரிட் (இன்ஜினுக்கு உதவும் சின்ன மின்மோட்டார்) சேர்ந்திருப்பதால் ஆல்டர்னேட்டர் பக்கத்துச் சாமான்கள் ஒத்துப்போகாது. வேண்டிய சாமானை இன்ஜின் பெயர் சொல்லிக் கேட்காமல், ஆர்எஸ் சேசிஸ் நம்பர் கொடுத்து பார்ட் நம்பர் வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

அபார்த் புன்டோ

2015 அக்டோபரில் 9.95 லட்சம் எக்ஸ் ஷோரூம் விலையில் வந்தது. 1.4 டி-ஜெட், 212 என்எம். இந்தப் பட்டியலில் மனசைக் கவர்வது இதுதான், எடை அதிகமும் இதுதான். டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. மழை ஈரத்தில் இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தால் முன்சக்கரம் சுழலும், ஸ்டியரிங் கையை இழுக்கும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 155 மில்லிமீட்டர். தண்டையார்பேட்டைத் தெருக்களில் அவரவர் வீட்டு வாசலில் போட்டுக்கொண்ட வேகத்தடைகளில் நாலு பேரோடு ஏறினால் அடி தட்டும். வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போது சம்ப்பின் (இன்ஜின் ஆயில் தொட்டி) அடிப்பக்கத்தையும் எக்ஸாஸ்ட் ஃப்ளேஞ்சையும் தொட்டுப் பாருங்கள்.

டைமிங் பெல்ட்டுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்றால், அது மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; பம்ப்பை விட்டுவைத்து ஆறு மாதத்தில் அது கசிந்தால் திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆர்.சி.யில் 1368 சிசி என்று இருப்பதை அபார்த்துக்கு ஆதாரமாக நம்பாதீர்கள். டர்போ இல்லாத சாதாரண புன்டோ 1.4 பெட்ரோலும் அதே 1368 சிசிதான். டர்போ இருக்கிறதா, பின்சக்கரத்தில் டிஸ்க் இருக்கிறதா, ஆர்.சி.யில் மாடல் பெயர் என்ன என்று மூன்றையும் பாருங்கள்.

ஃபியட் கடையை மூடிவிட்டது. ஃபில்டர், ப்ளக், பெல்ட் போன்ற சர்வீஸ் சாமான்கள் லீனியா டி-ஜெட்டுடன் பெரும்பாலும் ஒத்துப்போகும், கிடைக்கும். ஹெட்லைட், பம்பர், தேள் முத்திரை அலாய் வீல் உடைந்தால் புதுப்பேட்டையில் அலைய வேண்டும், அல்லது வேறு ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும். வீட்டில் தினசரிக்கு வேறொரு வண்டி இருப்பவர் மட்டும் அபார்த் வாங்கட்டும். ஒரே வண்டியாக இதை வாங்கினால் ஒரு ஹெட்லைட்டுக்காக ஒரு மாதம் பஸ்ஸில் போக நேரும்.

டியாகோ ஜேடிபி, ஐ20 என் லைன்

ஜேடிபி 2018 அக்டோபரில் வந்தது. டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து செய்த வண்டி. விலைக்கு இதைப்போல விறுவிறுப்பு வேறெதிலும் இல்லை. இன்ஜின் நெக்ஸானில் வந்த 1.2 டர்போவின் வழி என்பதால் மெக்கானிக்குக் கைப்பழக்கம் உண்டு. உடம்புச் சாமான்தான் தொல்லை: காற்றுத் துளை வைத்த பானெட், பம்பர், சைட் ஸ்கர்ட், ஸ்ப்ரிங், ஷாக் எல்லாமே ஜேடிபிக்குத் தனி. அடிபடாத வண்டிக்கு இருபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பது, அடிபட்டதை மலிவாக வாங்குவதைவிட மேல். இதுவும் சாதாரண டியாகோ பெட்ரோலும் ஒரே 1199 சிசி என்பதால் ஆர்.சி.யில் மாடல் பெயரைப் பார்த்தாக வேண்டும்.

ஐ20 என் லைன் 2021 செப்டம்பரில் வந்தது. 120 பிஎஸ், 172 என்எம், நான்கு டிஸ்க். தயாராவது நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில். சாமானுக்குக் கவலையே இல்லை. பட்டியலில் விலை அதிகம், ஆனால் தலைவலி குறைவு. 7 கியர் டிசிடி, போலோவில் சொன்ன அதே உலர் இரட்டை கிளட்ச் வகை. ஆகவே 2023 ஃபேஸ்லிஃப்டில் வந்த 6 கியர் மேனுவலைத் தேடுங்கள். அதற்கு முந்தைய ஐஎம்டி கியர்பாக்ஸில் கிளட்ச் பெடல் இல்லை. கியர் மாற்றும் சுகத்துக்காக இந்த வகை வண்டி வாங்குகிறவருக்கு அது பிடிப்பது கடினம்.

இந்தப் பக்கத்து வண்டிகளில் மட்டும் பார்க்க வேண்டியவை

டிஎன் 03, டிஎன் 18 பதிவு வண்டி என்றால் இரண்டு எதிரிகள்: உப்புக்காற்று, வெள்ளம். காசிமேடு, எண்ணூர் ஓரத்தில் திறந்தவெளியில் நின்ற வண்டியில் துரு கதவில் தெரிவதற்கு முன் அடியில் தெரியும். பின் ஆக்ஸில் பீம் பிடிமானம், பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகள், கதவின் அடி மடிப்பு, பேட்டரி எர்த் வயர் உடம்போடு சேருமிடம். எர்த் முனையில் பச்சை பூத்திருந்தால் சென்சார் கோளாறுகள் காரணமே தெரியாமல் வந்து போகும். ஏசி கன்டென்ஸரின் இறகுகளை விரலால் லேசாகத் தொடுங்கள், பொடியாக உதிர்ந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். டர்போ வண்டிகளில் இன்டர்கூலரின் முகப்பு சாம்பல் தூசியில் அடைத்திருந்தால் வெயிலில் இழுவை குறையும். அது கழுவினால் போகும் குறை.

வெள்ளத்துக்கு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தினமும் வெளியே வராத அந்தக் கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட் தண்டவாளத்தின் போல்ட், ஸ்டெப்னி பள்ளம், கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு ஆகியவற்றையும் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலி, எண்ணூர் பக்கம் எண்ணெய்க் கழிவும் கலந்து வந்ததால், அங்கே மூழ்கிய வண்டியின் அடிப்பாகத்தில் தார் மாதிரி கருப்புக் கறை ஒட்டியிருக்கலாம்.

விற்பவரின் நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறும். க்ளெய்ம் எடுத்தால் பூஜ்யத்துக்கு விழும். ஐந்து வருடமாக ஒரே கையில் இருக்கும் வண்டி, போனஸ் 20 சதவீதம் மட்டும் என்றால் இடையில் ஒரு க்ளெய்ம் இருக்கிறது. எதற்கு என்று கேளுங்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓபிடி ஸ்கேனரில் எரர் கோட் இல்லை என்பதோடு திருப்தியடைய வேண்டாம். ரெடினஸ் மானிட்டர் பக்கத்தை (வண்டி தன் பாகங்களைத் தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது) திறந்து பாருங்கள். பெரும்பாலானவை முடியாத நிலையில் இருந்தால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் கோடுகளை அழித்திருக்க வாய்ப்பு அதிகம்.

வடசென்னைக்கே உரிய வசதி ஒன்றும் உண்டு. மாதவரம், மணலி முழுக்க லாரி எடைமேடைகள். சில நூறு ரூபாய்கூட ஆகாது. வண்டியை ஏற்றிப் பாருங்கள். டிக்கியைக் காலி செய்து, ஆள் இறங்கி, பெட்ரோல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள் (லிட்டருக்கு முக்கால் கிலோ). முதலில் முழு வண்டி, பிறகு முன்சக்கரம் மட்டும். மேடை 5 அல்லது 10 கிலோ கணக்கில்தான் காட்டும், அதுவே போதும். இந்த முன்சக்கர இயக்க வண்டிகளில் எடையில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் முன்னால் இருக்கும். பலேனோ ஆர்எஸ் 1,010 காட்டினால் அந்தக் கூடுதல் எங்கே என்று தேடுங்கள்: ஊஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், அடிப்பக்கம் அடித்த கனமான ரப்பர் பூச்சு, 17 இன்ச் மட்டமான அலாய். பின்பக்கம் கனமாக இருந்தால் டிக்கி தரையில் சிஎன்ஜி சிலிண்டர் கட்டிய போல்ட் ஓட்டைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். எடை குறைந்த வண்டி என்று பணம் கொடுக்கும்போது எடை குறைவாக இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது என்ன நியாயம்?

அகல டயர், சத்தமான எக்ஸாஸ்ட் போட்ட வண்டிக்கு விற்பவர் கூடுதல் விலை கேட்பார். கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி பதிவில் இல்லாத மாற்றங்கள் குற்றம், எஃப்.சி.யிலும் க்ளெய்மிலும் அது உங்கள் தலையில் விழும். அபார்த், பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன் மூன்றுக்கும் கம்பெனி அளவு ஒரே 195/55 ஆர்16. எந்தக் கடையிலும் கிடைக்கும் அளவு அது. பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த வயசு டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அபூர்வ வண்டிகள் கர்நாடகா, புதுச்சேரி பதிவில் மலிவாக வரும். இங்கே மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயசுக்கேற்ப லைஃப் டாக்ஸ் தனியாகக் கட்ட வேண்டும். அதையும் சேர்த்தபின் விலை மலிவா என்று பாருங்கள். வங்கிக் கடன் பதிவாகி இருந்தால் வங்கியின் என்ஓசியும் கடனை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம். உள்ளூர் வண்டிக்குப் பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. இ-சலான் பாக்கி எவ்வளவு என்று வண்டி நம்பரைப் போட்டு முன்கூட்டியே பார்த்து, அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது? ஒரே வண்டி, தினமும் ஓட்ட வேண்டும், பட்ஜெட் இறுக்கம்: ரீகால் வேலை முடிந்த பலேனோ ஆர்எஸ். அது கிடைக்காவிட்டால் அடிபடாத ஜேடிபி. பணம் கொஞ்சம் கூடுதலாக உண்டு, நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல். வண்டி புதுசாகவும் இருக்க வேண்டும் என்றால் மேனுவல் என் லைன். டிஎஸ்ஜி ஜிடியை, கிளட்ச்சும் மெகட்ரானிக்கும் மாற்றிய பில் கையில் வந்தால் மட்டும் பேசுங்கள். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அபார்த் கொடுக்கிற சுகமே தனி, ஆனால் முதல் தடவை போவதற்கு முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றி, கூலன்ட் ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டு சில சுற்றுகளிலேயே கொதித்து, பெடல் தரையைத் தொடும்.

எதை வாங்கினாலும் விலையில் பதினைந்து சதவீதத்தை முதல் மாதத்து வேலைக்கு ஒதுக்குங்கள். இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், ப்ளக், பிரேக் ஆயில், கூலன்ட் அத்தனையும் ஒரே மூச்சில். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் வருகிறது. 2023-க்கு முந்தைய வண்டி என்றால் அதே சமயத்தில் ஃபியூவல் ஹோஸ்களையும் இணைப்பு ரிங்குகளையும் கசிவுக்குப் பார்த்து, சந்தேகம் வந்ததை மாற்றிவிடச் சொல்லுங்கள்.